தன்பாலீர்ப்பாளர்களின் பாதுகாப்பு, உரிமை பற்றி மதப் பெரியவர்களோடும் கட்சிக்காரர்களோடும் உட்கார்ந்து பேசியவர்கள் சொல்லுங்கள்: எப்படிப் பேசினால் எடுபடும்?

கீழமாசிவீதி:
எதைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குகிறோம் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. "எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவருக்கு அது சாமியை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகத்தான் படும். நம்பிக்கையைத் தொடாமல் அவரால் செய்ய முடிந்த ஒன்றைக் கேளுங்கள். அதற்கு மதுரைக்காரர்களிடம் நல்ல பிடி இருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பி, வீட்டார் எதிர்ப்புக்குப் பயந்து இங்கிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவுதான் அது. காணவில்லை என்று புகார் வந்தாலும், வயது வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்திருப்பது தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். தன்பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை தரக் கூடாது. அந்த நீதிபதி தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட பிறகே எழுதினார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். வட்டச் செயலாளரோ கோயில் கமிட்டிப் பெரியவரோ, இதைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அப்போது கேளுங்கள்: "ஐயா, நம்ம வார்டுல ஒரு பிள்ளைய அடிச்சு இழுத்துட்டு வந்தா நீங்க தடுப்பீங்களா?" மாட்டேன் என்று சொல்பவர் அபூர்வம்.

உசிலைப்பக்கம்:
தரப்புக்கு மூன்று பேர் போதும். கூட்டம் சேர்ந்தால் மேடைப் பேச்சாகிவிடும். கட்சி ஆபீஸ், கோயில் மண்டபம், சர்ச் ஹால், பள்ளிவாசல் எதுவும் வேண்டாம்; பொதுவான வக்கீல் ஆபீஸ் நல்லது. சித்திரைத் திருவிழா நாட்கள், வெள்ளி மதியம், ஞாயிறு காலை, நோன்பு மாலை கூடாது. தேர்தல் தேதி அறிவித்த பிறகு போகவே போகாதீர்கள். ஒரு போட்டோ எதிர்க்கட்சி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிவிடுமோ என்ற பயத்தில் நல்ல மனுஷரும் நழுவிவிடுவார். செல்போன்களை இரு தரப்பும் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். முக்கியமாக, வீட்டில் இன்னும் சொல்லாதவரை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். விஷயம் வெளியே கசிந்தால் அடி விழுவது அவர் மேல்தான்.

ஞானஒளிவுபுரம்:
எல்லா மதத்தாரிடமும் ஒரே வாதம் எடுபடாது. "இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு தம்பி" என்பவரிடம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவே வெள்ளைக்காரன் 1860இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் இருந்ததுதான் என்றால் காது கொடுப்பார். அர்த்தநாரீஸ்வரரை மட்டும் இழுக்காதீர்கள். "அது தத்துவம்" என்று உடனே பதில் வரும், பக்தரின் மனசும் புண்படும். கத்தோலிக்கரிடம் அவர்கள் மறைக்கல்வி ஏட்டின் 2358ஆம் பத்தி உதவும்: மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முந்தின பத்தி தன்பால் உறவைத் தவறு என்றே சொல்கிறது. அதை மறைத்தால் பங்குத்தந்தையே எடுத்துக் காட்டுவார், அதோடு நம்பிக்கை போய்விடும். ஜமாத்தில் மார்க்க விளக்கத்துக்குள் நுழையாமல், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு எல்லோருக்கும் தரும் உயிர்ப் பாதுகாப்பைப் பேசுங்கள்.

தன்பாலினக் கல்யாணப் பேச்சு எப்படியும் வரும். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தரவில்லை, சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. அங்கேயே மல்லுக்கு நிற்க வேண்டாம். கோர்ட்டில் அதை எதிர்த்த அதே மத்திய அரசு, 2024இல் ஒரே ரேஷன் கார்டுக்கும் கூட்டு வங்கிக் கணக்குக்கும் இணையரைத் தடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியதைக் காட்டுங்கள். கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாதவரும் இதை ஒப்புக்கொள்கிறார்.

இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒன்று இன்னும் சும்மா கிடக்கிறது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வைக்கும் தன்பால் உறவு குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, சம்மதமில்லாத செயலுக்கு 377ஐ அப்படியே விட்டுவைத்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. வயது வந்த ஆண் ஒருவர் வன்புணரப்பட்டால் வன்புணர்வு என்று வழக்குப் போட இடமில்லை. பழமையில் ஊறிய பெரியவர்களுக்கும் இது நெஞ்சில் தைக்கிறது. ஒரு பக்க மனுவாக எழுதி எம்.பி.யிடம் சேர்ந்தே கொடுக்கலாம். அமைப்பின் லெட்டர்ஹெட் கேட்டால் தலைமையைக் கேட்கணும் என்று மாதக்கணக்கில் இழுக்கும்; தனி ஆளாகக் கையெழுத்து கேளுங்கள், போடுவார்கள்.