இருட்டில் எடுத்தால் படம் இழுபடுகிறது: புது கேமராவில் எதைப் பார்த்து வாங்குவது?

தெப்பக்குளத்தான்
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க ராத்திரி 2 மணிக்கே ஏ.வி. பாலத்துப் பக்கம் போய் இடம் பிடித்தேன். விடியும் முன் எடுத்த நாற்பது படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பாலத்துத் தூண் பளிச்சென்று இருக்கிறது. தங்கக் குதிரையும், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் ஈரக்கை பட்ட கோலம் மாதிரி இழுபட்டிருக்கிறார்கள். என்னுடையது கையடக்கக் கேமரா, 20 மெகாபிக்சல், ஏழு வருசப் பழசு. டவுனில் ஒரு கடையில் "64 மடங்கு ஜூம், மெகாபிக்சலும் அதிகம், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்" என்கிறார்கள். எடுக்கலாமா?

கல்யாணகேமரா
தம்பி, கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். முதலில் இழுபட்ட படம் ஒன்றை கம்ப்யூட்டரில் திறந்து, அதன் விவரத்தில் ஷட்டர் வேகம் (வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), அபெர்ச்சர் (லென்ஸின் வாய்த் திறப்பு, எஃப் எண்) மூன்றும் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். வைத்தியம் அப்புறம்.

தெப்பக்குளத்தான்
1/15 நொடி, ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6 என்று இருக்கிறது அண்ணே.

கல்யாணகேமரா
அதான் விஷயம். தூண் தெளிவாக இருப்பதால் உங்கள் கை மேல் குற்றமில்லை. நடுக்கம் தடுக்கும் வசதியும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஆனால் அது உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், குதிரையைப் பிடிக்காது. வெளிச்சம் போதாமல் கேமரா 1/15க்கு இறங்கிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஆடுகிற எதுவும் இழுபடத்தான் செய்யும். ஆகவே காசைப் போட வேண்டியது வெளிச்சத்தில்.

சின்னக் கேமராக்களில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, அதாவது சென்சார், பெரும்பாலும் 6.2க்கு 4.6 மி.மீ.தான். லென்ஸ் மாற்றுகிற கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் என்றால் சுமார் 23.5க்கு 15.6. பரப்பில் 13 மடங்கு, அதனால் ஐஎஸ்ஓ ஏற்றினாலும் படம் அவ்வளவாகப் பொரிப்பொரியாக வராது. அப்புறம் லென்ஸ். பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா உடலோடு) தருகிற 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் அதுவும் எஃப்/5.6தான். தனியாக 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று வாங்குங்கள். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது. கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓவில் 1/15 இருந்த இடத்தில் 1/150 கிடைக்கும். மண்டப வெளிச்சத்தில் எனக்குச் சோறு போடுவது அந்த லென்ஸ்தான்.

மேலூர்பக்கம்
அண்ணன் சொல்வது சரி. ஆனால் பாலத்திலிருந்து 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அழகர் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருப்பார். அங்கேதான் மெகாபிக்சல் உதவும். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளி. நீளம் அகலம் இரண்டையும் பாதியாக வெட்டினாலும் 10 இஞ்சு அகலத்துக்குச் சுத்தமாகப் பிரிண்ட் போடலாம். டிஜிட்டல் ஜூமும் இதே வெட்டுதான். கேமராவே வெட்டி, ஊதிக் கொடுக்கிறது. அந்த 64இல் ஆப்டிகல், அதாவது லென்ஸே நிஜமாகப் பெரிதாக்குவது, எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறும்.

நான் அரிட்டாபட்டியில் பறவை எடுக்க 300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். பகல் வெயிலுக்கு எஃப்/5.6 தாராளம், பொழுது சாய்ந்தால் அது பைக்குள் போய்விடும்.

பழைய 50 லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்ந்துவிடாதீர்கள். சில பழைய லென்ஸுக்குள் ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. பாடியிலும் இல்லையென்றால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். நான் திருகியிருக்கிறேன்.

கல்யாணகேமரா
கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். அங்கே ஓடுகிற மின்விசிறியை எடுத்துப் பாருங்கள்.

தெப்பக்குளத்தான்
போய்விட்டு வந்தேன் அண்ணே. கடை விளக்கைப் பாதி அணைக்கச் சொல்லி மின்விசிறியை எடுத்தேன். என் பழைய கேமராவில் வெறும் வட்டத் தட்டு. 50இல் மூன்று றெக்கையும் தனித்தனியாக, ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கலாக. 64 மடங்கில் ஆப்டிகல் 16தானாம். ஏபிஎஸ்-சி பாடிக்கும் 50க்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன். பாலத்தை விட்டு இறங்கி ஆற்றுக்குள் நிற்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?