சம்பளக் குறைப்புக்குச் சங்கத்தில் ஓட்டு, என்ன செய்யலாம்?

வணக்கம். பதினோரு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் சங்கத்தில் ரகசிய வாக்கெடுப்பு. நிர்வாகம் கேட்பது இரண்டு வருடத்துக்கு 5 சதவீதச் சம்பளக் குறைப்பு. மறுத்தால் ஆட்குறைப்பாம்.

எங்கள் விதிப்படி கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே போக வேண்டும். என் வேலை தப்பிவிடும். ஆனால் பக்கத்து வகுப்பில் போன வருடம் சேர்ந்த ஆசிரியைக்கு வேலை போய்விடும். தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கவும் மனசு வரவில்லை. அடிப்படைச் சம்பளத்தில் கை வைத்தால் அது லேசில் மீளாது. 100 என்பது 95 ஆகி, அப்புறம் அதே 5 சதவீதம் கூடினாலும் 99.75தான். (வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.) கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிட்டால், ஓய்வு நெருங்கியவர்களுக்கு ஆயுசுக்கும் நஷ்டம். அதற்குப் பதில் சம்பளமில்லாத விடுப்பு நாட்களாகக் கேட்கலாம், அடிப்படைச் சம்பளமாவது மிஞ்சும் என்கிறார் ஒரு மூத்தவர். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

இப்படி ஓட்டுப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பழைய சம்பளம் எந்தத் தேதியில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினீர்களா? ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி எழுத்தில் கிடைத்ததா, வெறும் வாய்ப்பேச்சா? நிர்வாகத்தின் வரவு செலவைச் சங்கம் நேரில் பார்த்ததா? மேலே இருப்பவர்களின் சம்பளமும் குறைந்ததா?

வியாழன் மாலைக்குள் பதில் வந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிடுவேன்.