எப்படியும் டெஸ்ட் பண்றாங்களே, ரத்தம் கொடுக்குறவங்ககிட்ட எதுக்கு இத்தனை கேள்வி?

புதுக்கொடையாளர்:
முதல் தடவையா ரத்தம் கொடுக்கப் போறேன். படிவத்துல பச்சை குத்தினீங்களா, புது ஆளோட உடலுறவு உண்டான்னு எல்லாம் கேட்டிருக்கு. ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பார்த்துத்தானே ஏத்துறாங்க? போன மாசம்தான் பச்சை குத்தினேன். சொல்லாம விட்டா என்ன?

லேப்காரி:
தயவுசெஞ்சு சொல்லிடுங்க. ரத்த வங்கியில இந்த டெஸ்ட் போடுறதுதான் என் வேலை. கிருமி நுழைஞ்ச உடனே எந்த டெஸ்ட்லயும் தெரியாது. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருளைத் தேடுற எலைசா டெஸ்ட்ல ஹெபடைடிஸ் சி தெரிய ரெண்டு மாசம்கூட ஆகலாம். வைரஸோட மரபணுவையே தேடுற நாட் டெஸ்ட் ரொம்ப சீக்கிரம் பிடிக்கும். எச்ஐவியை சுமார் 10 நாள்ல. ஆனா ஹெபடைடிஸ் பி-க்கு அதுக்குமே சுமார் மூணு வாரம் ஆகலாம்.

எலைசா தட்டுல 96 குழி, ஒரு குழிக்கு ஒருத்தர் ரத்த மாதிரி. ஒண்ணு மஞ்சளாச்சுன்னா அந்தப் பையை ஒதுக்கிடுவேன். கிருமி நுழைஞ்சும் இன்னும் டெஸ்ட்ல தெரியாத ஒருத்தரோட ரத்தம் நிறம் மாறாத குழியில இருந்தா என்னால கண்டுபிடிக்க வழியே இல்ல. அவர் ரத்தம் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட்னு பிரிஞ்சு மூணு நோயாளிக்குப் போகலாம். பிளேட்லெட் 5 முதல் 7 நாள்தான் தாங்கும், காத்திருந்து மறுபடி சோதிக்கவும் முடியாது. அதனாலதான் உங்க வாயால சொல்றது அவ்வளவு முக்கியம். பச்சை குத்தினா எத்தனை மாசம் தள்ளிப் போடணும்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அங்கேயே கேளுங்க.

பழைய கொடையாளர்:
எனக்கு ஹெபடைடிஸ் சி "ரியாக்டிவ்", அதாவது முதல் டெஸ்ட்ல இருக்குற மாதிரி காட்டுதுன்னு போன் வந்துச்சு. தூக்கமே போச்சு. உறுதி செய்யுற டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு.

லேப்காரி:
அது நடக்கும். ஒண்ணுகூட தப்பிடக் கூடாதுன்னே முதல் டெஸ்டை அமைச்சிருக்காங்க, அதனால நோயில்லாதவங்களும் சில சமயம் மாட்டுவாங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட புதுசுலகூட சில நாள் பாசிட்டிவ் காட்டலாம். கூப்பிட்டா பயந்து ஒதுங்காம போய் மறு டெஸ்ட் எடுத்துடுங்க.

புதுக்கொடையாளர்:
நண்பர்கள் கூட்டமா போறோம். நான் மட்டும் விலகினா ஏன்னு குடைவாங்க.

லேப்காரி:
மருத்துவர் தனியாத்தான் பேசுவார், அவர்கிட்ட சொல்லுங்க. வெளியில "இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்க"ன்னா போதும், ஹீமோகுளோபின் குறைவுன்னே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்புறோம். கொடுத்த பிறகு மனசு உறுத்தினாலும் உடனே போன் பண்ணுங்க, பை வெளிய போகலைன்னா எடுத்துடுவோம். இன்னொண்ணு: எச்ஐவி இருக்குமோன்னு சந்தேகம் வந்தா அதைப் பார்த்துக்க ரத்தம் கொடுக்க வராதீங்க. நேரா டெஸ்ட் சென்டருக்குப் போங்க.

புதுக்கொடையாளர்:
சரிங்க. இப்போதைக்குத் தள்ளிப் போடுறேன்.