இன்டர்நெட் லைனுக்கு மாறியபின் ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது. வந்த தாள்களும் தட்டில் திறந்தபடி கிடக்கின்றன. வழி சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். ஒரு சின்ன மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். பிரிண்ட், ஸ்கேன், ஃபேக்ஸ் எல்லாம் ஒரே மெஷினில். போன மாதம் வரை பழைய டெலிஃபோன் லைனில் ஒழுங்காக ஓடியது. இப்போது கட்டிடம் முழுக்க இன்டர்நெட் வழி டெலிஃபோன் ஆக்கிவிட்டார்கள். ரவுட்டர் பக்கத்தில் ஒரு அடாப்டர் பெட்டி, அதிலிருந்து மெஷினுக்கு ஒயர்.

ஒன்றிரண்டு பக்கம் அனுப்பினால் போகிறது. ஐந்தாறு பக்கம் என்றால் மூன்றாவது பக்கத்தில் அறுந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'தொடர்புப் பிழை' என்று மட்டும் வருகிறது. வெளியிலிருந்து வருவதும் சில நேரம் மெஷினுக்கு வருவதற்குள் வாய்ஸ் மெயில் எடுத்துக்கொள்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் தட்டில் பதினொரு தாள். மேலே இருந்த தாளில் ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கண்ணில் அறைகிற மாதிரி. சனி, ஞாயிறில் துப்புரவு செய்தவர்கள், ஏசி பழுது பார்க்க வந்தவர் எல்லாரும் அந்த மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். யாரையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அந்த மனிதர் நம்மை நம்பித்தானே கையை நீட்டினார்? இதற்கு செட்டிங்கில் வழி இருக்கிறதா?

பதில் 1

முதலில் ஒயரைப் பாருங்கள். மெஷினின் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு ஓட்டை இருக்கும். 'லைன்' என்று எழுதியதில்தான் அடாப்டரிலிருந்து வரும் ஒயர் இருக்க வேண்டும். மற்றது கூடவே ஒரு ஃபோன் மாட்டிக்கொள்வதற்கு. உங்களுக்கு ஒரு பக்கமாவது போகிறது என்பதால் இது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

வாய்ஸ் மெயில் எத்தனையாவது ரிங்கில் எடுக்கிறது என்று பாருங்கள். மெஷின் அதற்கு முன்னால் எடுக்க வேண்டும். 'ஆட்டோ ஆன்சர்' ஆன் செய்து 2 ரிங் வையுங்கள். ஃபேக்ஸுக்கு மட்டுமான நம்பர் என்றால் வாய்ஸ் மெயிலையே எடுத்துவிடச் சொல்லுங்கள். கால் வெயிட்டிங்கும் வேண்டாம். நடுவில் இன்னொரு கால் வந்து அந்த 'பீப்' விழுந்தால் போதும், ஃபேக்ஸ் அறுந்துவிடும்.

இப்போது மூன்றாவது பக்கம். ஃபேக்ஸ் போவது டோனாக. மனிதக் குரலுக்காகச் செய்த சுருக்க முறையில் அந்த டோன் சிதைந்துவிடும். ஜி.729 என்ற முறை ஒரு காலை நொடிக்கு 8 கிலோபிட்டில் அடக்குகிறது; பேச்சுக்குப் போதும், ஃபேக்ஸ் தாங்காது. ஜி.711 என்றால் 64 கிலோபிட், டோன் ஏறக்குறைய முழுதாகப் போகும். இரண்டையும் விட நல்லது டி.38. ஃபேக்ஸுக்கென்றே 1998இல் வந்த தரமுறை, டோனை ஒலியாக அனுப்பாமல் உள்ளே இருக்கும் தகவலைப் பிரித்து அனுப்பும். இணைப்பு தருபவரிடம் "இந்த நம்பருக்கு டி.38 ஆன் செய்யுங்கள், முடியாவிட்டால் ஜி.711 மட்டும் வையுங்கள்" என்று அப்படியே கேளுங்கள். அடாப்டரில் 'சைலன்ஸ் சப்ரஷன்' (சத்தமில்லாத இடைவெளியை அனுப்பாமல் விடும் வசதி) இருந்தால் ஆஃப்.

மெஷினிலும் வேகத்தை நொடிக்கு 33,600 பிட்டிலிருந்து 14,400க்கு இறக்குங்கள். அப்படியும் அறுந்தால் 9,600. மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும்.

பதில் 2

இவ்வளவு வேண்டாம். ஈசிஎம் (பிழை திருத்தும் முறை) என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ஆஃப் செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் ஓடுகிறது.

பதில் 1

நீங்கள் சொல்வது ஓடும், மறுக்கவில்லை. சாதாரண ஆபீஸுக்கு நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்டவர் இருப்பது பரிசோதனைக் கூடத்தில், அதனால் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

ஈசிஎம் ஆனில் இருந்தால் பக்கம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். கெட்டுப்போன துண்டை மட்டும் மறுமுனை திரும்பக் கேட்டு வாங்கும். லைன் மோசமாக இருந்தால் கேட்டுக் கேட்டே நேரம் போய் அறுந்துவிடும். ஆஃப் செய்தால் யாரும் எதையும் திரும்பக் கேட்பதில்லை. கெட்ட வரி விட்டுப்போகும், அல்லது மேல் வரியே இன்னொரு முறை அச்சாகும். சாதாரண ரெசல்யூஷனில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 3.85 வரிதான். தாளில் ஒரு தசமப் புள்ளி அரை மில்லிமீட்டர் இருக்குமா? அப்படியென்றால் அது வெறும் இரண்டு வரி. அந்த இரண்டு வரி கெட்டால் 1.2 என்பது 12 ஆகிவிடும், தாளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ரிப்போர்ட்டும் 'வெற்றி' என்றே வரும்.

ஆகவே ஈசிஎம் ஆனிலேயே இருக்கட்டும், லைனைச் சரிசெய்யுங்கள். ரிசல்ட் தாள்களை 'ஃபைன்' மோடில் அனுப்புங்கள், வரி இரட்டிப்பாகும்.

பதில் 3

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'மெமரி ரிசப்ஷன்', 'செக்யூர் ரிசீவ்', 'கான்ஃபிடென்ஷியல் ஃபேக்ஸ்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். ஆன் செய்தால் வருகிற ஃபேக்ஸ் அச்சாகாமல் உள்ளேயே இருக்கும். காலையில் ஒருவர் பின் நம்பர் அடித்தால்தான் தாள் வெளியே வரும். பல மெஷின்களில் இரவுக்கும் விடுமுறைக்கும் மட்டும் நேரம் குறித்து வைக்கலாம். இரண்டு எச்சரிக்கை: மெமரி நிரம்பினால் புது ஃபேக்ஸ் உள்ளே வராது, சில மாடல்களில் கரண்ட் போனால் மெமரியும் அழிந்துவிடும். உங்கள் மாடல் எந்த வகை என்று மேனுவலில் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

எல்லாரும் மறந்துவிடுவது அனுப்பிய ரிப்போர்ட். பல மெஷின்கள் அதில் முதல் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அச்சிடும். பின் போட்டுப் பூட்டிய அதே தகவல் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அந்தப் படத்தை ஆஃப் செய்யுங்கள்.

அப்புறம், என் அனுபவத்தில் தகவல் வெளியே போவது பெரும்பாலும் தவறான நம்பரால்தான். அட்ரஸ் புக்கை அட்மின் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். கையால் அடிக்கும் நம்பரை இரண்டு முறை கேட்கும் செட்டிங் இருந்தால் ஆன் செய்யுங்கள். புது நம்பருக்கு முதலில் வெறும் முகப்புத் தாளை அனுப்பி, ஃபோனில் "வந்ததா?" என்று கேட்டுவிட்டு மற்றதை அனுப்புங்கள்.

ஈமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யும் எண்ணம் இருந்தால் மெயில் செட்டிங்கில் டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் முறை) ஆனில் இருக்கட்டும், போகும் இடம் தனி ஒருவரின் மெயிலாக இருக்க வேண்டாம். 'போலிங்' (வேறு மெஷின் கூப்பிட்டு உங்கள் மெஷினில் உள்ள தாளை எடுத்துக்கொள்ளும் வசதி) தேவையில்லை என்றால் ஆஃப். மெஷினின் வெப் பக்கத்துக்கு ஃபேக்டரி பாஸ்வேர்டே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே வந்த யாரும் உங்கள் ஃபேக்ஸ் எல்லாவற்றையும் வேறு நம்பருக்குத் திருப்பிவிட முடியும்.

ஃபர்ம்வேரையும் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) விடாதீர்கள், அப்டேட் செய்யுங்கள். 2018 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபேக்ஸ் நம்பர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஹெச்பி ஆல்-இன்-ஒன் மெஷினுக்குள் நுழைந்து, அங்கிருந்து நெட்வொர்க்கில் இருந்த கணினி வரை போய்க் காட்டினார்கள். கலர் ஃபேக்ஸாக வந்த படக் கோப்பில் இருந்தது ஓட்டை. ஹெச்பி திருத்தம் வெளியிட்டுவிட்டது, ஆனால் அப்டேட் செய்யாத மெஷினுக்கு அதனால் என்ன பயன்? முடிந்தால் பிரிண்டரை நோயாளி விவரம் உள்ள கணினிகளிலிருந்து தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

கேட்டவர்

நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். லைன் ஜி.729இல்தான் இருந்திருக்கிறது! டி.38 போட்டுக் கொடுத்தார்கள். வேகம் 14,400, ஈசிஎம் ஆன், ஃபைன் மோட். நேற்று 22 பக்கம் ஒரே மூச்சில் போனது. மறுமுனையில் இருந்தவரிடம் கடைசிப் பக்கத்தின் எண்களை ஃபோனில் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன்.

இரவில் மெமரி, காலையில் பின். கரண்ட் போனாலும் அழியாத மாடல் என்று மேனுவலில் பார்த்துக்கொண்டேன். அட்ரஸ் புக்கைப் பூட்டும் முன் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பார்த்ததில், ஒரு மருத்துவமனையின் பழைய நம்பர் இப்போது ஒரு வீட்டில் இருக்கிறது. உடனே அழித்துவிட்டேன். கை நடுங்கியது. அந்த நம்பருக்குக் கடைசியாக எப்போது என்ன போனது என்று ஜர்னலில் (மெஷின் வைத்திருக்கும் ஃபேக்ஸ் பதிவேடு) தேடிக்கொண்டிருக்கிறேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். மெஷின் வாடகைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு திருப்பித் தர வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் தகவலை என்ன செய்வது?

பதில் 3

ஜர்னலைத் தேடுவது மிகச் சரி, பழைய பதிவுகள் தானாக அழிவதற்குள் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது அட்ரஸ் புக், ஜர்னல், மெமரி எல்லாவற்றையும் அழியுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் என்றால் 'ஓவர்ரைட்' (பழைய தகவலின் மேலேயே வேறு தகவலை எழுதுவது) செய்துதான் அழிக்க வேண்டும், வெறும் ரீசெட் போதாது. அழித்ததற்கு அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வரியை வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.