தெரு குழு, திருவொற்றியூர்: ராத்திரி கேஸ் வாடை

சரளா அக்கா: யார் வீட்டிலாவது சிலிண்டர் லீக்கா? சமையலறை முழுக்க கேஸ் வாடை. ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டேன், குமிழி வரவில்லை.

மீனா: இங்கேயும்தான் அக்கா. மொட்டை மாடியில் இன்னும் அதிகம்.

குமார்: சிலிண்டர் இல்லை, மேற்கே மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று. ஜன்னலைச் சாத்துங்கள்.

மீனா: காற்றுத் தரம் காட்டும் சமீர் ஆப்பில் மணலி பச்சையாக, காற்று நன்றாக இருப்பதாகத்தானே காட்டுகிறது?

பாஸ்கர் சார்: ஆப் காட்டும் காற்றுத் தர எண்ணுக்குக் கணக்கெடுப்பது எட்டே பொருள்தான் மா. பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு அளவு நுண்தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். கேஸ் வாடைக்குக் காரணம் மெர்காப்டன், அழுகின முட்டை வாடைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு. இரண்டும் அதில் கிடையாது. ஆப் பச்சை காட்டும், நாம் இருமிக்கொண்டிருப்போம்.

சரளா அக்கா: பகலில் ஏன் வருவதில்லை?

பாஸ்கர் சார்: பகலில் கடல்காற்று எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிடும். ராத்திரி நிலக்காற்று நம் பக்கம் திருப்பிவிடும். தரை குளிர்ந்த பிறகு வாயு மேலே ஏறாமல் தாழவே நிற்கும்.

குமார்: அதான் விஷயம்! நான் ராத்திரி புகார் கொடுத்தால், மறுநாள் மத்தியானம் ஆள் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு "ஒன்றும் இல்லையே சார்" என்கிறார். 😡

செல்வி: எங்கள் அம்மா வீடு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம். அங்கே 2004லேயே ஊர்க்காரர்கள் குழு சேர்ந்து வாடை வரும்போதெல்லாம் நோட்டில் குறித்துவைத்தார்கள். என்ன வாடை, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, எந்த ஆலைப் பக்கம். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்காவில் இருக்கும் ஆய்வகத்துக்குக்கூட அனுப்பினார்கள்.

பாஸ்கர் சார்: அதைத்தான் நாமும் செய்ய வேண்டும். "நாற்றம் அடிக்கிறது" என்ற புகாரை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. 1981 காற்றுச் சட்டப்படி ஆலை நடத்தவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். 31ஏ பிரிவில் மின்சாரத்தை வெட்டச் சொல்லவும் அதிகாரம் உண்டு. பெரிய ஆலைகளின் புகைபோக்கியில் புகையை அளக்கும் ஆன்லைன் கருவியும் இருக்கிறது. ஆனால் அது புகைபோக்கியைத்தான் பார்க்கும். வால்வு, ஃபிளான்ஜ் (குழாய் இணைப்பு), டேங்க் மூடி வழியாகக் கசிவது அதில் பதிவாகாது.

குமார்: ஜெயில் உண்டா சார்?

பாஸ்கர் சார்: 2024 ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலும் அபராதம்தான். 10,000 முதல் 15 லட்சம் வரை.

குமார்: 15 லட்சமா, பெரிய கம்பெனிக்கு டீ செலவு.

இம்ரான்: அண்ணே, நான் ஷட்டவுன் வேலைக்கு, ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறவன். ஆலையை மூடு என்று மனு எழுதினால் என் பெயரைச் சேர்க்காதீர்கள். குழாய் இணைப்பில் நல்ல கேஸ்கெட் (அடைப்பு வளையம்) போட்டு, போல்ட்டை ஒழுங்காக முடுக்கினாலே பாதிக் கசிவு நிற்கும். அதற்கு நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பாஸ்கர் சார்: மூடச் சொல்லவில்லை தம்பி. கசிவைத் தேடி அடைக்கச் சொல்கிறோம். நீங்கள் சொன்னதையே மனுவில் போடலாம், பெயர் வேண்டாம்.

மீனா: 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது எங்கள் சித்தி வீட்டில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் அம்மோனியா 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. அதுவரை அங்கேயும் "லேசான வாடைதான்" என்றுதான் இருந்தார்கள்.

செல்வி: முட்டை வாடை திடீரென்று நின்றால் நிம்மதிப்படாதீர்கள். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும், வாடை தெரியாது. தலை சுற்றினால் உடனே அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள்.

பாஸ்கர் சார்: சரி, இன்று முதல் எல்லோரும் இப்படி எழுதுங்கள்: நேரம், என்ன வாடை, காற்றுத் திசை, கண் எரிச்சலோ வாந்தியோ உண்டா. திசை தெரியாதவர்கள் ஊதுபத்தி ஏற்றிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

இம்ரான்: மொட்டை மாடியில் பாருங்கள். கேஸ் வாடை வரும் வீட்டுக்குள் தீக்குச்சி உரசாதீர்கள்!

பாஸ்கர் சார்: நல்லவேளை சொன்னீர்கள். ஊதுபத்தி வேண்டாம், கொடியில் கிடக்கும் துணியைப் பாருங்கள்.

சரளா அக்கா: ராத்திரி 11.05. கேஸ் வாடை. துணி கிழக்கே பறக்கிறது, அப்படியென்றால் மேற்குக் காற்றுதானே? கண் எரிச்சல்.

பாஸ்கர் சார்: மேற்கேதான். 👍 இன்னொன்று, தயவுசெய்து காலை வணக்கப் படம் யாரும் போடாதீர்கள், பதிவெல்லாம் மேலே போய்விடும்.

குமார்: ராசிபலன் மட்டும் போடலாமா சார்?