மறு: விளக்கு ‘இமைப்பு’, ‘சிமிட்டல்’ – துண்டறிக்கைக்கான சொல்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளுக்கான மின்பாதுகாப்புத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சேற வேண்டும். விளக்கு மங்கியும் தெளிந்தும் எரிவதற்கு நம் மடற்குழுவினர் இன்னும் ஒரே சொல்லுக்கு வரவில்லை.

ஆசிரியர் ஐயா முன்மொழிந்த ‘இமைப்பு’ செவிக்கு இனியது. ஆயினும் திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் வரும் ‘ஓவற இமைக்கும்’ என்னும் தொடரில் இமைத்தல் என்பது இடையறாது ஒளிர்தலாகும். இடையறுகின்ற ஒளிக்கு அதையே வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கொச்சை என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் ஒதுக்கிய ‘சிமிட்டல்’, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பாட்டிக்கும் விளங்கும். என் வாக்கு அதற்கே.

ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடைத்தால் ஆபத்து மறைந்துவிடும். ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால் பல்பையோ ஹோல்டரையோ சுவிட்சையோ ஐயுறலாம். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் வீடு முழுதும் மங்கி உடனே மீண்டால், அது தொடக்கத்தில் இழுக்கும் மிகை மின்னோட்டத்தால் நேர்ந்த ‘அழுத்தச் சரிவு’. வரிசையில் சில வீடுகள் மங்க, வேறு சில வீடுகளில் விளக்கு கண்கூச எரிந்தால், மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின்வழங்கலில் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியான நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுக்குரிய 230 வோல்ட் 216க்கும் 253க்கும் இடையில் நிற்கவேண்டும்; நியூட்ரல் அறுந்தால், இரு முனைகளுக்கு இடையேயுள்ள 400 வோல்ட்டின் பெரும்பங்கு மின்பளு (மின்பயன்பாடு) குறைந்த வீட்டின் மேல் ஏறி, அங்குள்ள பொருள்களை எரித்துவிடும். இந்நிலைக்கு ‘சிமிட்டல்’ என்று எழுதாமல், “மெயின் சுவிட்சை உடனே அணைத்து, மின்வழங்கு நிறுவனமான தெனாகாவுக்குத் தெரிவியுங்கள்” என்று முழு வாக்கியமாகவே எழுதவேண்டும்.

நியூட்ரலுக்கு இலங்கைப் பாடநூல்களின் ‘நொதுமல்’ வேண்டும் என்போருக்கு ஒரு சொல். சங்க அகப்பாடல்களின் துறைகளில் நொதுமல் வரைவு என்பது அயலார் பெண்கேட்டு வருவது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியை அயலான் ஆக்குவது எங்ஙனம் பொருந்தும்? ‘நடுநிலைக் கம்பி’ என்றாலோ, அதில் மின்சாரமே இராது என்று எண்ணித் தொடுவார்கள். ‘மீள்கம்பி’ என்பது என் பரிந்துரை. வயர்மேனிடம் எடுத்துச் சொல்ல உதவுவது ‘நியூட்ரல்’ ஒன்றே என்பதால், துண்டறிக்கையில் இரண்டும் சேர்ந்தே நிற்கட்டும்.

நேற்றிரவு வரை வந்த மடல்களில் ‘இமைப்பு’க்கே ஆதரவு மிகுதி என்பதை அறிவேன். அச்சில் அதுவே வரட்டும்; தலைப்பில் மட்டுமேனும் ‘விளக்குச் சிமிட்டுகிறதா?’ என்று இருக்கவேண்டும் என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன்.