அண்ணா கோப்பை கழுவின பிஸ்ட்ரோவில அம்மாவோட சாப்பிடப் போறம், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

டொக்யாட்_தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம், நான் திருகோணமலை. செப்டெம்பர் கடைசியில நானும் அம்மாவும் பிரான்சுக்குப் போறம், அண்ணாவப் பாக்க. பதினெட்டு வருசத்துக்குப் பிறகு அம்மா அவரின்ர வீட்டுக்குப் போகப்போறா. அவர் இருக்கிறது பாரிஸில இல்ல, அம்புவாஸுக்குக் கிட்ட லுவார் ஆத்தங்கரையில ஒரு சின்ன டவுன். போன புதுசில அங்க ஒரு பழைய பிஸ்ட்ரோவிலதான், அதான் சின்னச் சாப்பாட்டுக் கடை, கோப்பை கழுவினவர், ஒம்பது வருசம். பிறகு அவையே அவர உள்ளுக்கு எடுத்து வெங்காயம் வெட்டுறதில தொடங்கி சமையல் பழக்கி விட்டவை, இப்ப வேற இடத்தில குக்கா இருக்கிறார். அந்த முதலாளியம்மா, அம்மா வாறா எண்டு கேள்விப்பட்டு தானே ஒரு மேசை ஒதுக்கி வச்சு, அண்டைக்கு நீ குசினிப் பக்கம் வரக்கூடாது அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடோணும் எண்டு அண்ணாவிட்ட சொல்லிப்போட்டாவாம்.

அம்மாவுக்குச் சந்தோசம்தான், ஆனா ரெண்டு நாளா நித்திரை இல்ல. மாட்டிறைச்சி எங்கட வீட்டு வாசல்படி மிதிச்சதில்ல, பண்டியும் தொடமாட்டா. மீன், கோழி சாப்பிடுவா, ஆனா வெள்ளியும் புரட்டாசிச் சனியும் சைவம், அவை ஒதுக்கி வச்சிருக்கிறது சரியா ஒரு சனிக்கிழமை இரவு. முள்ளுக்கரண்டி கத்தியும் பழக்கமில்ல. என்னால பிள்ளைக்கு அந்த இடத்தில ஒரு தலைகுனிவு வந்திடக்கூடாது எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறா. அண்ணாவக் கேட்டா ஒண்டும் இல்ல வாங்கோ எண்டுறார், அவருக்கு எங்களக் காணுற அவசரம். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது, எப்பிடி நடந்துகொள்ளுறது, அனுபவப்பட்ட ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

லாச்சப்பல்_பொடியன்:
அக்கா என்ர மாமி வந்தப்பயும் இதே பிரச்சினைதான். நாங்கள் வீட்டிலயே சோறு கறி சாப்பிட்டிட்டுப் போய் அங்க ஒரு சலாட் மட்டும் எடுத்துக் குடுத்தம், பிரச்சினை முடிஞ்சுது. சலாட் எண்டா பயமில்லத்தானே.

குசினி_22வருசம்:
தம்பி கோவிக்காதீங்கோ, நான் 22 வருசம் பிரெஞ்சுக் குசினியில நிண்டனான், இப்ப உப்புவெளியில இருக்கிறன். சலாட்டிலதான் முதல் பயமே. சூடான ஆட்டுச் சீஸ் வச்ச சலாட் எண்டு கேட்டா கன இடத்தில அதுக்கு மேல லார்தோன் தூவித்தான் வரும், அது பண்டியின்ர வயித்துப் பக்க இறைச்சியச் சின்னனா வெட்டி வறுத்தது. கீஷ் லொரேன் எண்டு முட்டை, கிரீம் விட்டுப் போறணையில சுடுற தட்டு மாதிரிச் சாமானுக்குள்ளயும் அதுதான். வெங்காயச் சூப்பப் பாத்தா வெங்காயமும் பாணும் சீசும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா அதின்ர தண்ணி அனேகமா மாட்டு எலும்பு அவிச்ச தண்ணி. எங்கட ஆக்கள் எத்தின பேர் தெரியாமக் குடிச்சிட்டுப் போனதை நான் கண்ணால பாத்திருக்கிறன், உள்ளுக்கு நிண்டபடியா வெளியில வந்து சொல்லவும் ஏலாது.

தங்கச்சி இத வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, பிரெஞ்சுச் சமையலில இறைச்சி கோப்பையில தெரியாட்டியும் சோஸுக்குள்ள இருக்கும். போன் து வோ எண்டு ஒரு சாமான் இருக்கு, கண்டுக்குட்டி எலும்ப போறணையில வறுத்து மணிக்கணக்கா அவிச்சு வத்த வச்சது, கனபேர் இப்ப அத மாவாவும் வாங்கிப் பாவிக்கினம். கோழிக்கு விடுற சோஸ், தாராவுக்கு விடுற சோஸ், சில இடத்தில காளான் சோஸுக்குள்ளகூட அது போகும். அதால மாடு வேண்டாம் எண்டு மட்டும் சொன்னாக் காணாது, சோஸிலயும் சூப்பிலயும் மாட்டுத்தண்ணி இருக்கக்கூடாது எண்டு சொல்லோணும். சில இடத்தில உருளைக்கிழங்குப் பொரியலயும் மாட்டுக் கொழுப்பிலதான் பொரிப்பினம். தெசேர் எண்ட கடைசி இனிப்பில ஆடுற மாதிரி எது வந்தாலும், மாடு பண்டியின்ர தோல் எலும்பில எடுக்கிற ஜெலட்டின் இருக்கா எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, ரியெத் எண்டு பாணில பூசிச் சாப்பிட முதலிலயே கொண்டுவந்து வைப்பினம், அம்புவாஸுக்குக் கிட்ட இருக்கிற தூர் எண்ட டவுன் பக்கம் அதுக்குப் பேர் போன இடம், அது பண்டி. ஆந்துயெத் எண்டு போட்டிருந்தா அது பண்டிக் குடல். தார்தார் எண்டா பச்சை மாட்டிறைச்சி.

அப்ப என்னத்தச் சாப்பிடுறது எண்டு கேப்பீங்கள். ஆத்தங்கரைக்குப் போறீங்கள், மீன் சாப்பிடுங்கோ. லுவார் பக்கத்துப் பழைய பிஸ்ட்ரோ எண்டா சாந்த்ர் எண்ட ஆத்து மீன் பெர் பிளான் எண்ட வெள்ளைப் பட்டர்ச் சோஸோட போடுவினம், அந்தப் பக்கத்துக்கே உரிய சாப்பாடு, அத விட்டுட்டு சலாட்டச் சாப்பிட்டு வந்தா அங்க போனதே வீண். உங்கட அண்ணாவும் அந்த மீன ஆயிரம் தரம் வெட்டியிருப்பார். பின்னுக்கு ஆப்பிள் தார்த் தத்தான் எடுக்கலாம், அது ஆப்பிள், பட்டர், சீனி, மா, வேற ஒண்டும் இல்ல. லமோத் பெவ்ரோன் எண்ட ஊரில தத்தான் சகோதரிகள் ஹோட்டல் நடத்தினவை, அவையளின்ர பேர்தான் அதுக்கு, அதுவும் அங்கயிருந்து பெரிய தூரம் இல்ல.

நாளைப் பற்றி ஒண்டு. சனி இரவ விட்டிட்டு ஞாயிறு பகலுக்கு மாத்தேலுமா எண்டு கேளுங்கோ. அங்க ஞாயிறு மத்தியானம்தான் குடும்பமா இருந்து ஆறுதலாச் சாப்பிடுற நேரம், அம்மாவுக்கும் விரதப் பிரச்சினை இல்ல. ஆனா கன சின்ன டவுனில ஞாயிறு இரவும் திங்களும் பூட்டு, அதால பகல் எண்டு வடிவாச் சொல்லுங்கோ. முன்கூட்டிச் சொன்னா மரியாதையில்லையோ எண்டு யோசிக்காதீங்கோ. குசினியில நிக்கிறவனுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம் சொன்னா அது உதவி, மேசையில வந்து இருந்தாப் பிறகு சொன்னாத்தான் கரைச்சல்.

நிலாவெளி_அக்கா:
நானும் மகளும் போன வருசம் அந்தப் பக்கம்தான் போனனாங்கள், மருமகன் தூரில வேலை. நான் கண்டதச் சொல்லுறன் தங்கச்சி. உள்ளுக்குப் போன உடன போன்சூர் சொல்லோணும், அது சொல்லாமக் கதைக்கத் தொடங்கினா அவைக்கு முகம் சுருங்கும், நாங்கள் ஒரு வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லாம நேர குசினிக்குள்ள நடந்த மாதிரி. வெறும் மேசை கண்டாலும் போய் இருக்கிறதில்ல, அவை வந்து காட்டும் மட்டும் நிக்கோணும். பாண் ஒரு கூடையில வரும், காசில்ல, முடிஞ்சாத் திரும்பத் தருவினம். பாண மேசைத்துணியிலயே வைக்கினம், கோப்பையில வைக்கிறதில்ல, எனக்கு அது முதல் மனம் ஒப்பேல்ல. அம்மாவுக்கு நல்ல செய்தி என்னெண்டா பாணக் கையாலதான் பிய்ச்சுச் சாப்பிடுறது, மிஞ்சின சோஸ பாணாலதான் துடைக்கிறது, என்ர பக்கத்து மேசையில ஒரு கிழவர் கோட் சூட்டோட இருந்து கோப்பை மினுங்கும் மட்டும் துடைச்சுச் சாப்பிட்டவர். சொதிக்குப் பாண் தோய்ச்ச கைக்கு இது ஒரு வேலையே இல்ல.

தண்ணிக்கு கராஃப் தோ எண்டு கேளுங்கோ, குழாய்த்தண்ணி போத்தலில வரும், அது சும்மா குடுக்கோணும் எண்டு சட்டமே இருக்கு. வெறும் தண்ணி எண்டு கேட்டா காசுக்கு விக்கிற போத்தலும் வரலாம். ஆந்த்ரே எண்டா முதல் சாப்பாடு, பிலா எண்டாத்தான் பெரிய சாப்பாடு, நான் ஆந்த்ரேயப் பெரிய சாப்பாடு எண்டு நினைச்சு மூண்டு முட்டை மயோனைசோட வந்து பாத்துக்கொண்டிருந்தன். மெனு எண்டு அவை சொல்லுறது விலை பேசி வச்ச முழுச் சாப்பாடு, நாங்கள் மெனு எண்டு கேக்கிற மட்டைக்கு அவையின்ர பேர் கார்த். அண்டைக்கு என்ன சமைச்சது எண்டு கரும்பலகையில சோக்கால எழுதியிருக்கும், அதப் பாத்து எடுக்கிறதுதான் நல்லம்.

கெதியாச் சாப்பிட்டு எழும்பிற பழக்கம் அங்க சரிவராது, ரெண்டு மணித்தியாலம் வையுங்கோ. பில்ல நாங்கள் கேக்கும் மட்டும் கொண்டுவரமாட்டினம், கேக்காமக் கொண்டுவந்தா வெளிய போங்கோ எண்டு சொல்லுற மாதிரியாம். கோப்பிய தெசேர் முடிஞ்ச பிறகுதான் குடுப்பினம், ஒரு சின்னக் கோப்பையில கறுப்பா, அம்மாவுக்கு அது கசக்கும், வெறும் தேத்தண்ணி கேளுங்கோ, இருக்கும். சாப்பிட்டு முடிஞ்சா கத்தியும் முள்ளுக்கரண்டியும் பக்கத்தில பக்கத்தில சேத்து வைக்கச் சொல்லுங்கோ, அதப் பாத்துத்தான் எடுப்பினம், என்ர மகள் பிரிச்சு வச்சிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தவ.

டொக்யாட்_தங்கச்சி:
குசினி அண்ணா, நிலாவெளி அக்கா, எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. உங்கட பதில அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், ரெண்டு கேள்வி கேட்டவ. ஆத்து மீன் எண்டா சேறு மணக்காதோ, கந்தளாய்க் குளத்து மீனே எங்கட வீட்டில எடுக்கிறதில்ல, கடல் மீன் திண்டு வளந்த வாய். மற்றது அந்த வெள்ளைச் சோஸுக்குள்ள வைன் விடுறதாம் எண்டு மச்சாள் சொன்னவ, அது உண்மையோ?

குசினி_22வருசம்:
அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறா. சாந்த்ர் சேறு மணக்கிற மீன் இல்ல, மற்ற மீனப் பிடிச்சுத் தின்னுற சாதி, சதை வெள்ளையா இறுக்கமா இருக்கும், எங்கட கொடுவா திண்ட ஆளுக்குப் பழகின மாதிரித்தான் இருக்கும். முள்ளும் பெரிசா இல்ல. அதுக்குப் பதிலா புரோஷே எண்டு இன்னொரு ஆத்து மீன் வந்தா மட்டும் கவனம், அதில முள்ளு கூட.

வைன் உண்மைதான், மறைக்கக்கூடாது. பெர் பிளான் எப்பிடிச் செய்யிறது எண்டா சின்ன வெங்காயம் மாதிரி ஒரு வெங்காயத்த பொடியா அரிஞ்சு வெள்ளை வைனும் வினாகிரியும் விட்டு அடிப்பிடிக்காம கிட்டத்தட்ட வத்த வைக்கிறது, பிறகு நெருப்ப நல்லாக் குறைச்சு குளிர் பட்டரத் துண்டு துண்டாப் போட்டு அடிச்சுக்கொண்டே இருக்கிறது. கொதிச்சுதோ போச்சு, பட்டர் பிரிஞ்சு எண்ணெய் ஆகிடும். நாங்கள் சொதிக்கு முதல்பால் விட்டா கொதிக்க விடாம ஆத்திக்கொண்டே நிப்பமெல்லோ, அதே கைதான், எனக்கு அந்தச் சோஸ் முதல் நாளே சரிவந்தது என்ர அம்மாவிட்ட சொதி ஆத்தப் பழகினதாலதான், என்ர செஃப் எங்க படிச்சனீ எண்டு கேட்டவர். நாந்த் எண்ட டவுனுக்குக் கிட்ட லுவார் கரையில சமைச்ச கிளெமோன்ஸ் லெஃபேவ்ர் எண்ட அம்மாதான் முட்டை மஞ்சள் கரு போட மறந்து இதக் கண்டுபிடிச்சவ எண்டு அங்க கதை சொல்லுவினம்.

வைன் வத்தினாலும் முழுசாப் போகாது, கொஞ்சம் மிஞ்சும். அம்மாவுக்கு மனசு ஏலாட்டி வைன் இல்லாம வினாகிரியும் கொஞ்சம் தேசிப்புளியும் விட்டுச் செய்யலாம், நான் செய்து குடுத்திருக்கிறன். இல்லாட்டி மீன வெறும் பட்டரிலயும் தேசிப்புளியிலயும் பொரிச்சுத் தரச் சொல்லுங்கோ. சீஸிலயும் கன சீஸ் கண்டுக்குட்டி வயித்துப் பொருளாலதான் உறைய வைக்கிறது, அது அம்மாவுக்குப் பெரிசா இருந்தா சீஸ விடுங்கோ. விட்டாலும் பரவாயில்ல, ஆனா செந்த் மோர் எண்டு ஒரு ஆட்டுச் சீஸ் அந்தப் பக்கத்தது, சாம்பல் பூசி நடுவில ஒரு வைக்கோல் குச்சியோட வரும், நீங்களாவது ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோ.

ஓய்வு_மாஸ்டர்:
பிள்ளை, சாப்பாடு பற்றி நான் சொல்ல ஒண்டும் இல்ல, மேசையில கதைக்கிறதுக்கு ரெண்டு விசயம் சொல்லுறன். 1782 இல சுஃப்ரன் எண்ட பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி எங்கட திருகோணமலைக் கோட்டைய ஆங்கிலேயரிட்ட இருந்து பிடிச்சவர், அந்த வருசம் செப்டெம்பர் 3 இல எங்கட கடலில பெரிய சண்டையும் நடந்தது. நீங்கள் போறதும் செப்டெம்பர். அம்மா அந்தக் கோட்டைக்குள்ளால நடந்துதான் கோணேசர் கோவிலுக்குப் போறவ எண்டு சொன்னா அவை கட்டாயம் கேட்டுக்கொண்டிருப்பினம். மற்றது, லுவார் பிரான்சிலயே நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல, எங்கட நாட்டில நீளமான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி கொட்டியாரக் குடாவில விழுகிறது எங்கட பக்கத்தில. நேரம் இருந்தா அம்புவாஸ் கோட்டைக்குள்ள லியனார்டோ டா வின்சியின்ர கல்லறை இருக்கு, 1519 இல அந்த ஊரிலதான் செத்தவர்.

டொக்யாட்_தங்கச்சி:
நேற்று இரவு அண்ணாவோட கதைச்சன். சனி இரவ ஞாயிறு பகல் 12.30 க்கு மாத்தியாச்சு, அண்ணா ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல முதலாளியம்மா கொப்பியில எழுதினவவாம், சோஸில போன் து வோ இல்ல, வைன் இல்ல, லார்தோன் இல்ல எண்டு. மீன தானே போய்ப் பாத்து வாங்குவாவாம். ஒதுக்கின மேசைக்கு அண்ணாவின்ர பேர எழுதேல்லையாம், அம்மா எண்டுதான் எழுதி வச்சிருக்கிறா, அவர் ரெலிபோனில கதைக்கேக்க கேட்டுக் கேட்டு அவவுக்குப் பாடமாம். இத அண்ணா சொல்லேக்க அவரின்ர குரல் மாறிட்டுது, அம்மா போன என்ர கையில தந்திட்டு எழும்பி அடுப்படிக்குப் போயிட்டா.

மற்ற விசயம், வெறுங்கையோட போகமாட்டன் எண்டு அம்மா பிடிவாதம், பயத்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோகலாமோ, எயார்போட்டில பறிப்பாங்களோ?

லாச்சப்பல்_பொடியன்:
இறைச்சியும் பால் சாமானும்தான் விடமாட்டாங்கள் அக்கா. பயத்தம் மா, தேங்காய், சீனிதானே, பிரச்சினை இல்ல, நெய் சேக்காமச் சுடச் சொல்லுங்கோ. நல்லா ஆறவிட்டு காத்துப் போகாத டப்பாவில போடுங்கோ, எனக்கு வந்தது ஒருக்கா பூஞ்சணம் பிடிச்சு எறிஞ்சனான். மேல சலாட் எண்டு சொன்னதுக்கு மன்னிக்கோணும், மாமிக்கு அண்டைக்கு என்ன குடுத்தம் எண்டு இப்ப நினைக்கக் கவலையா இருக்கு.

டொக்யாட்_தங்கச்சி:
அதுக்கேன் மன்னிப்பு தம்பி, தெரியாமத்தானே. அம்மா பயறு வறுக்கத் தொடங்கிட்டா, அதோட ரெண்டு நாளா காலமப் புட்ட முள்ளுக்கரண்டியால சாப்பிட்டுப் பழகுறா. வந்து சொல்லுறன்.